நிரவிக்கு வந்த 18 வயசு வாத்தியார்

காரைக்கால்ல பள்ளிக்கூடம் படிச்ச எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரியும். பக்கத்துல நாகப்பட்டினத்துலயும் மயிலாடுதுறையிலயும் விழா ஆரம்பிக்கும்போது பாடுற தமிழ்த்தாய் வாழ்த்து வேற, நம்ம ஊர்ல பாடுறது வேற. அங்கே பாடுறது மனோன்மணீயம் சுந்தரனார் எழுதினது. இங்கே, புதுச்சேரி யூனியன் பிரதேசம் முழுக்கப் பாடுறது பாரதிதாசன் எழுதினது. தமிழ்நாட்டுல இருந்து இங்கே படிக்க வந்த நண்பர்கள், முதல் வருஷம் காலேஜ் ஃபங்ஷன்ல அந்தப் பாட்டு ஆரம்பிச்சதும் சுத்திமுத்திப் பார்ப்பாங்க. அப்புறம் பழகிடும்.

அந்தப் பாட்டை எழுதினவர் ஒரு காலத்தில் நம்ம ஊருக்கு வேலைக்கு வந்தவர். காரைக்காலுக்குத் தெற்கே, ஊரை ஒட்டினாப்போல இருக்கிற நிரவியில் 1909-ல் தமிழ் வாத்தியாராகச் சேர்ந்தார். அப்போ அவர் வயசு 18. அதாவது நம்ம ஃபர்ஸ்ட் இயர் பசங்க வயசு. அன்றைக்கு அவர் பெயர் பாரதிதாசன் இல்லை. கனக சுப்புரத்தினம்.

நம்ம இ-இதழுக்குக் கட்டுரை கேட்டுப் போனால் பத்தில் எட்டு பேர் சொல்ற பதில் ஒண்ணுதான். படிக்கப் பிடிக்கும், ஆனா எழுத வராது. அதுலயும் என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்கன்னா, தமிழ்ல எழுதுறதுக்குன்னு தனியா ஒரு ஆள் பிறந்து வரணும்ங்கிற மாதிரி பேசுவாங்க. பிடிச்ச எழுத்தாளர் யாருன்னு கேட்டா மட்டும் அரை மணி நேரம் நிறுத்தாம பேசுவாங்க. அந்த அரை மணி நேரப் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம்? சுப்புரத்தினத்தோட வாழ்க்கையில இதுக்கு ஒரு பதில் இருக்கு. அதுக்காகத்தான் இந்தத் தடவை அவரைப் பத்தி எழுதுறேன்.

மளிகைத் தெருவுல இல்லாத பாடம்

1891 ஏப்ரல் 29 அன்று புதுச்சேரியில் பிறந்தார். அப்பா கனகசபை முதலியார், அம்மா இலக்குமி அம்மாள். வணிகக் குடும்பம். அப்பா பெயரின் முதல் பாதியைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டதால் கனக சுப்புரத்தினம் ஆனார்.

அப்போ புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தன. நம்ம ஊரை அவங்க 1739-ல் பிடிச்சு, 1954-ல்தான் விட்டுட்டுப் போனாங்க. அதனால சுப்புரத்தினத்தோட ஆரம்பப் படிப்பில் பிரெஞ்சும் இருந்தது. ஆனாலும் மனசு போனது தமிழ் பக்கம். கல்வே கல்லூரியில் சேர்ந்து தமிழ் இலக்கியம், இலக்கணம் எல்லாம் முறையாகப் படித்தார். தேர்வில் முதலாவதாக வந்தார். அந்தத் தகுதிதான் அவரை 18 வயசில் அரசாங்கத் தமிழ் ஆசிரியராக்கி நிரவிக்கு அனுப்பியது.

ஆக, இலக்கணம் தெரியும். யாப்பு தெரியும். பாட்டும் கட்டுவார். ஆனா அந்தப் பாட்டு எல்லாம் அந்தக் காலத்துப் பண்டிதர்கள் எழுதுற மாதிரியே இருக்கும். கடினமான சொற்கள், பழைய பாணி, சாமி மேல துதி. நம்ம பாஷையில சொன்னா, தியரி பேப்பர்ல நூத்துக்கு நூறு. லேபுக்குள்ள இன்னும் போகலை.

கல்யாண வீட்டுல ஒரு பாட்டு

சுப்பிரமணிய பாரதி 1908-ல் புதுச்சேரிக்கு வந்தார். சென்னையில் அவர் எழுதிக்கொண்டிருந்த 'இந்தியா' பத்திரிகை மேல் ஆங்கில அரசு பாய்ந்தது. கைது வரும் என்று தெரிந்ததும், ஆங்கிலேயர் சட்டம் செல்லாத பிரெஞ்சு ஊருக்கு வந்துவிட்டார். பத்து வருஷம் அங்கேதான் இருந்தார். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு எல்லாம் அந்தப் பத்து வருஷத்தில் எழுதியவை.

சுப்புரத்தினத்துக்கு அப்போதே பாரதியின் பாட்டுகள் மனப்பாடம். ஆனால் ஆளை அடையாளம் தெரியாது. நண்பர் வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணம். விருந்து முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடச் சொன்னதும் சுப்புரத்தினம் பாரதியின் தேசியப் பாட்டைப் பாடினார். நல்ல குரல், நல்ல இசையறிவு. சொற்களின் பொருள் தெரிந்து உணர்ந்து பாடினார். கூட்டத்தில் ஒருத்தர் கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பாடி முடித்த பிறகுதான் தெரிந்தது, அந்த ஆள்தான் பாட்டை எழுதிய பாரதி.

இன்னைக்கு நாம ஒரு பாடகரோட பாட்டைக் கவர் பண்ணி ஸ்டோரி போடுறோம், அந்தப் பாடகரே அதைப் பார்த்துட்டு மெசேஜ் பண்றாருன்னு வெச்சுக்கோங்க. கிட்டத்தட்ட அப்படி.

பாரதி அவரைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். நிரவி வேலையும் பாரதி நட்பும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆரம்பித்தவை. பாரதியோடு பழகப் பழக, படித்து வைத்திருந்த பண்டிதத் தமிழ் மெதுவாக உதிர ஆரம்பித்தது. நாலு பேருக்குப் புரிகிற சொற்களிலேயே பெரிய கவிதை எழுத முடியும் என்று ஒரு ஆள் கண்ணெதிரே செய்து காட்டிக்கொண்டிருந்தார். வகுப்பில் கற்றுத்தராத பாடம் அது.

நேர்ல வெச்ச பரீட்சை

பாரதியைச் சுற்றி எப்போதும் ஒரு நண்பர் கூட்டம் இருக்கும். இந்த இளைஞனுக்குக் கவிதை எழுத வருமா என்று அவர்களில் சிலருக்குச் சந்தேகம். பாரதி சும்மா பரிந்து பேசவில்லை. எல்லார் முன்னாலும் ஒரு பாட்டு எழுதச் சொன்னார். சுப்புரத்தினம் அங்கேயே உட்கார்ந்து சக்தியைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார்.

பாரதி அதைப் படித்துப் பார்த்துப் பாராட்டினார். அதோடு விடவில்லை. சென்னையில் இருந்து வந்துகொண்டிருந்த சுதேசமித்திரன் பத்திரிகைக்கு அந்தப் பாட்டைத் தானே அனுப்பினார். எழுதியவர் தன்னுடைய கவிதா மண்டலத்தைச் சேர்ந்த சுப்புரத்தினம் என்று ஒரு வரி அறிமுகமும் சேர்த்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமா பாருங்க. ஒரு பெரிய எழுத்தாளர் ஒரு மாணவனுக்கு மூணு விஷயம் பண்ணியிருக்கார். எழுதுன்னு சொன்னார். எழுதினதை உட்கார்ந்து படிச்சார். அதை வெளியில நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு அனுப்பினார். இதுல எதுக்கும் காசு செலவில்லை. ஆனா இந்த மூணும் கிடைக்காமலே நின்னுபோன எழுத்து எவ்வளவு இருக்கும்!

அந்த ஒரு வரி அறிமுகம் சுப்புரத்தினத்துக்குள் எப்படித் தங்கியது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. பாரதி 1921-ல் இறந்துவிட்டார். 14 வருஷம் கழித்து, 1935-ல், சுப்புரத்தினம் கவிதைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்'.

தாசன்களின் சங்கிலி

சுப்புரத்தினம் பல புனைபெயர்களில் எழுதியிருக்கிறார். அரசாங்க ஆசிரியர், எழுதுவதோ அரசியலும் சமூகமும். சொந்தப் பெயரில் எழுதினால் வேலைக்கு ஆபத்து. கண்டெழுதுவோன், கிறுக்கன், கிண்டல்காரன் என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டார். கிறுக்கன்னு ஒரு வாத்தியார் தனக்குத்தானே பேர் வெச்சுக்கிட்டார்னா பாருங்க. ஆனால் நிலைத்தது பாரதிதாசன் என்ற பெயர்தான்.

தாசன் என்றால் அடியவன், தொண்டன். பிடித்த எழுத்தாளருக்குத் தாசனாகப் பெயர் வைத்துக்கொண்டது இவர் முதல் ஆள் இல்லை. பாரதியே இளம் வயசில் ஷெல்லிதாசன் என்ற புனைபெயரில் எழுதியிருக்கிறார். ஆமா, நம்ம இங்கிலீஷ் புக்ல வர்ற அதே ஷெல்லிதான். 1822-ல் இறந்துபோன ஒரு ஆங்கிலக் கவிஞனின் மேல், அவர் இறந்து 60 வருஷம் கழித்து எட்டயபுரத்தில் பிறந்த ஒரு பையனுக்கு அவ்வளவு பைத்தியம்.

சங்கிலி பாரதிதாசனோடும் நிற்கவில்லை. நம்ம டெல்டாவில் பழையனூரில் பிறந்த இராசகோபாலன் என்ற இளைஞர் பாரதிதாசன் மேல் கொண்ட பற்றால் சுப்புரத்தினதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டார். அதைச் சுருக்கினால் சுரதா. உவமைக் கவிஞர் என்று பெயர் வாங்கிய அதே சுரதா.

ஷெல்லி, ஷெல்லிதாசன், பாரதிதாசன், சுப்புரத்தினதாசன். ஒரு ஆங்கிலக் கவிஞரில் ஆரம்பித்து மூன்று தமிழ்க் கவிஞர்கள், ஒருத்தர் தோள்மேல ஒருத்தர் கைபோட்டு நிற்கிற மாதிரி. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சதால எனக்குப் பிடிச்ச எழுத்தாளர்கள் எல்லாம் இங்கிலீஷ்காரங்க, அதனால தமிழ்ல எழுத முடியாதுன்னு சொல்றவங்க இந்தச் சங்கிலியோட முதல் கண்ணியை ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்.

தாசன்னா காப்பி இல்லை

இங்கேதான் முக்கியமான கேள்வி வருது. ஒருத்தரை இவ்வளவு நேசிச்சா, அவரை மாதிரியே எழுதி அவரோட நிழலாவே முடிஞ்சிட மாட்டோமா? ரெகார்டு நோட்டைப் பார்த்து எழுதியே பழகின நமக்கு இந்தப் பயம் நியாயமானதுதான்.

பாரதிதாசன் கதையில் நடந்தது நேர் எதிர். ஆரம்பத்தில் அவர் பாரதி போன பாதையில்தான் போனார். பக்திப் பாட்டு எழுதினார். கதர் கட்டினார், கதர்த் துணியைத் தோளில் சுமந்து விற்றார். மயிலம் முருகன் மேல் அவர் எழுதிய துதிப் பாடல்கள் 1926-ல் நூலாக வந்தன. அதற்குக் கொஞ்ச காலத்திலேயே பெரியாரின் சுயமரியாதை இயக்கம் அவரை இழுத்தது. சாதி, மூடநம்பிக்கை, பெண்ணடிமை எல்லாவற்றையும் எதிர்த்து எழுத ஆரம்பித்தார். கைம்பெண் மறுமணத்துக்காக எழுதினார். கருத்தடை பற்றி வெளியில் பேசவே கூச்சப்பட்ட காலத்தில் அதை ஆதரித்துக் கவிதை எழுதினார். கடவுள் நம்பிக்கையையே விட்டுவிட்டார்.

யோசிச்சுப் பாருங்க. சக்தியைப் பாடி அறிமுகமானவர், பகுத்தறிவுக் கவிஞரா மாறிட்டார். குரு போகாத ஊருக்குச் சிஷ்யன் போய்ச் சேர்ந்துட்டார். ஆனா பெயரை மட்டும் மாத்தலை. பாரதி பிராமணர், நீங்க ஏன் இன்னும் அவருக்குத் தாசன்னு பேர் வெச்சிருக்கீங்கன்னு இயக்கத்துக்குள்ளேயே கேள்வி வந்தது. அப்போது அந்தப் பெயரை விட்டிருந்தால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, கைதட்டல்கூடக் கிடைத்திருக்கும். அவர் விடவில்லை. சாதி வேண்டாம் என்று முதலில் தனக்குச் சொன்னவர் பாரதி என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கடைசி வரைக்கும் பாரதியைப் பற்றிக் கவிதையும் கட்டுரையும் எழுதினார்.

எனக்கு இந்த இடம்தான் அவர் வாழ்க்கையிலேயே பெருசா தெரியுது. குருவோட கருத்தில் இருந்து விலக ஒரு தைரியம் வேணும். விலகின பிறகும் இவர்தான் என் குருன்னு சொல்ல இன்னொரு தைரியம் வேணும். ரெண்டும் அவர்கிட்ட இருந்தது.

படிச்ச புத்தகத்தை மாத்தி எழுதின மனுஷன்

அவருடைய பெரிய படைப்புகள் பலவற்றுக்கு அடியில் இன்னொரு புத்தகம் இருக்கிறது. 1930-ல் வந்த 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' குப்பன், வஞ்சி என்ற காதலர்களின் கதை. மலையில் இரண்டு மூலிகைகள். ஒன்றைத் தின்றால் உலகத்தில் எங்கே யார் பேசினாலும் கேட்கும், இன்னொன்றில் காட்சியும் தெரியும். இ.சி.இ. பசங்க கவனிக்க, 1930-ல் வீடியோ கால்! அதைத் தின்ற குப்பனுக்கு ஒரு பாகவதர் ராமாயணம் சொல்வது கேட்கிறது. அனுமார் சஞ்சீவி மலையைப் பெயர்த்துத் தூக்குகிற கட்டம். தான் நிற்கிற மலையைத்தான் தூக்குகிறார்கள் என்று குப்பன் நடுங்கிப் போகிறான். எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதையை வைத்தே மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்துவிட்டார்.

'புரட்சிக்கவி' இன்னும் சுவாரஸ்யம். வடமொழி பில்கணீயக் கதையை எடுத்துக்கொண்டு எழுதியது. ஒரு ராஜா தன் மகள் அமுதவல்லிக்குக் கவிதை எழுதக் கற்றுத்தர உதாரன் என்ற கவிஞனை வாத்தியாராக வைக்கிறார். இருவரும் காதலித்துவிடக் கூடாது என்று நடுவில் ஒரு திரை. வாத்தியார் குருடர் என்று அவளிடமும், மாணவிக்குக் குஷ்டம் என்று அவனிடமும் சொல்லி வைக்கிறார்கள். ஒரு நாள் நிலவைப் பார்த்து உதாரன் பாடுகிறான். கண் தெரியாத ஆள் நிலவை இப்படிப் பாட முடியாதே என்று அவளுக்குச் சந்தேகம் வருகிறது. திரை விலகுகிறது.

மூலக் கதையில் ராஜா மனசு மாறி மன்னித்துவிடுவார். பாரதிதாசன் அந்த முடிவை ஏற்கவில்லை. கொலைக்களத்தில் நிற்கிற உதாரன் மக்களிடம் பேசுகிறான், மக்கள் எழுகிறார்கள், முடியாட்சியே போய்விடுகிறது. அதுவும் அவர் இதை எழுதிய 1937-ல் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, எழுதியவர் சம்பளம் வாங்குகிற அரசு ஊழியர்.

நமக்கு வடக்கே கடலோரமா இருக்கிற பூம்புகாரின் கதையையும் அவர் விடவில்லை. சிலப்பதிகாரத்தைத் தன் பார்வையில் 'கண்ணகி புரட்சிக் காப்பியம்' என்று எழுதினார். புறநானூற்றில் வருகிற, ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே நட்பான கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதையை நாடகமாக்கினார். அந்த 'பிசிராந்தையார்' நாடகத்துக்குத்தான், அவர் இறந்த பிறகு, 1969-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

பிடிச்ச கதையோட முடிவு பிடிக்கலைன்னா நாமளே மாத்தி எழுதுறோமே, ஃபேன் ஃபிக்‌ஷன்னு. அதைக் கேவலமா பாக்குறவங்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

37 வருஷம் வாத்தியார்

1909-ல் நிரவியில் ஆரம்பித்த ஆசிரியர் வேலை 1946-ல் ஓய்வோடு முடிந்தது. மொத்தம் 37 வருஷம். குடும்ப விளக்கு, பாண்டியன் பரிசு, அழகின் சிரிப்பு என்று நாம் கேள்விப்பட்ட பல புத்தகங்கள் ஒரு முழுநேர வாத்தியார் எழுதியவை. டைம் இல்லைன்னு சொல்றவங்க கவனத்துக்கு!

1946 ஜூலையில் சென்னையில் பெரிய விழா எடுத்து, 25,000 ரூபாய் பொற்கிழி கொடுத்தார்கள். கொடுத்தவர் அண்ணா. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பரிசாகத் தெரிவது அவர் வகுப்பில் உட்கார்ந்து படித்த ஒரு பையன். வில்லியனூரில் பிறந்த அந்தப் பையன் பின்னாளில் கவிஞர் வாணிதாசன் ஆனார், அவரும் ஆசிரியர் ஆனார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் இவரிடம் இருந்து கற்றவர்தான். 1940-களின் கடைசியில் 'பொன்னி' இதழ் 'பாரதிதாசன் பரம்பரை' என்ற தலைப்பிலேயே இளங்கவிஞர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தது. பாரதி ஒரே ஒரு தடவை செய்த அறிமுகம் எங்கே போய் நிற்கிறது பாருங்க.

பிறகு குயில் இதழ் நடத்தினார். 1955-ல் புதுச்சேரி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சினிமாவுக்குப் பாட்டும் வசனமும் எழுதினார். பாண்டியன் பரிசைப் படமாக எடுக்க ஆசைப்பட்டுச் சென்னைக்குக் குடிபோனார். அது நடக்கவில்லை. 1964 ஏப்ரல் 21 அன்று சென்னையில் காலமானார். 73-வது பிறந்தநாளுக்கு இன்னும் எட்டே நாள். உடலைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

நம்ம பக்கம்

'அழகின் சிரிப்பு' புத்தகத்தில் அவர் எடுத்துக்கொண்ட தலைப்புகளைப் பாருங்க. கடல், தென்றல், ஆறு, வான், ஆலமரம், புறா, கிளி, இருள், சிற்றூர், பட்டணம். இதுல எது நம்ம ஊர்ல இல்லை? கடற்கரைக்குப் போனா கடல். பக்கத்துலயே அரசலாறு வந்து கலக்குது. வயல் நடுவுல ஊர், ஊர் நடுவுல கோயில், மசூதி, சர்ச். இன்னும் பிரெஞ்சுப் பேர் மாறாத தெருக்கள். பார்த்தவன்தான் நிலவைப் பாட முடியும்னு அமுதவல்லி கண்டுபிடிச்சது நமக்கும் பொருந்தும். மெஷினைக் கேட்டா ஒரு நிமிஷத்துல கடலைப் பத்திக் கவிதை தரும். ஆனா அது நம்ம பீச்சைப் பார்த்ததில்லை.

அடுத்த இதழுக்கு எங்க குழு கேட்கிறது இதுதான். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு புத்தகம், ஒரு எழுத்தாளர். எந்த மொழியா இருந்தாலும் சரி. அதுல உங்களால ஏத்துக்க முடியாத ஒரு இடத்தை எடுங்க. ஒரு முடிவு, ஒரு பாத்திரம், ஒரு கருத்து. அதை உங்க ஊர்ல, உங்க பாஷையில மாத்தி எழுதி அனுப்புங்க. ரெண்டு பக்கம் போதும். எழுத்துப்பிழை இருந்தா நாங்க பார்த்துக்கிறோம். வர்றதை எல்லாம் உட்கார்ந்து படிப்போம், நல்லதைப் போடுவோம்.

இந்த வருஷத்தோட நான் கிளம்பிடுவேன். ஃபர்ஸ்ட் இயர் பசங்களே, நிரவிக்கு அவர் வந்தப்போ உங்க வயசுதான்.